டானிக் விற்ற பத்திரிகைகள்

பக்கத்து ஊரில் பல மாதமாகப் படுத்த படுக்கையாய்க் கிடந்த பெண் எழுந்து நடமாடுகிறாள் என்று செய்தி தொடங்கும். அவளுக்கு இருந்த தலைசுற்றல், முதுகுவலி, பசியின்மை, தூக்கம் வராத இரவுகள் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். டாக்டர்கள் கைவிரித்த கதையும் வரும். கடைசி வரிகளில்தான் ஒரு மருந்துப் புட்டியின் பெயர் தலைகாட்டும். எழுத்தின் அளவு, பத்தியின் அகலம், தலைப்பு எல்லாம் அருகிலுள்ள உள்ளூர்ச் செய்தியைப் போலவே இருக்கும். அதனால் அது காசு வாங்கிக்கொண்டு அச்சிட்ட விளம்பரம் என்று முடிவுவரை வாசித்தவருக்குத்தான் தெரியும். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் பத்திரிகைகளில் இத்தகைய துணுக்குகள் மலிந்து கிடந்தன.

அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தயாரிப்பாளர் சொல்ல வேண்டியதில்லை, சட்டம் கேட்கவில்லை. ஆகவே மருந்தின் முழுப் பாரமும் விளம்பரத்தின் மேல் விழுந்தது. அதை எழுதியவர்கள் தங்கள் தொழிலை நன்றாகக் கற்றவர்கள். உழைத்துக் களைத்த எவருக்கும் வரக்கூடிய சோர்வையும் வலியையும் அறிகுறிகளாக வரிசைப்படுத்துவார்கள். படிப்பவர் அதில் நாலைந்தாவது தன்னிடம் இருப்பதைக் கண்டு திடுக்கிடுவார். நோய் இருக்கிறது என்ற பயத்தை முதலில் விதைத்துவிட்டுத்தான் மருந்தைக் காட்டினார்கள்.

இதில் கைதேர்ந்தவர் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரின் டாக்டர் சாமுவேல் ஹார்ட்மன். அவர் தயாரித்த பெரூனா, அந்த நாளில் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற மருந்துகளில் ஒன்று. சளி அழற்சிதான் எல்லா நோய்க்கும் வேர் என்பது அவருடைய வாதம். மூக்கில் வந்தால் ஜலதோஷம், வயிற்றில் வந்தால் அஜீரணம், நுரையீரலில் வந்தால் இன்னொரு நோய். எல்லாவற்றுக்கும் மருந்து பெரூனா. நாடாளுமன்ற உறுப்பினர்கள்கூட நற்சான்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய படமும் விளம்பரத்தில் வந்தது. புட்டிக்குள் இருந்ததில் ஏறக்குறைய 28 சதவீதம் ஆல்கஹால். சாதாரண ஒயினில் இருப்பதைப் போல இரு மடங்குக்கும் மேல். மதுவைத் தொடாத குடும்பங்கள், மதுவிலக்குக் கூட்டங்களுக்குப் போய் வந்தவர்கள், இதை மருந்தென்று நம்பிக் குடித்தார்கள். 1905-இல் பூர்வகுடி மக்களின் குடியிருப்புகளில் பெரூனா விற்கக் கூடாதென்று அமெரிக்க அரசே தடை போட்டது, அங்கே அது போதைக்காக வாங்கப்பட்டதால்.

லிடியா பிங்கமின் கதை வேறு வகை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் வாழ்ந்த அவர், பெண்களின் உபாதைகளுக்கென வீட்டு அடுப்பில் ஒரு மூலிகைக் கஷாயம் காய்ச்சி அக்கம்பக்கத்தில் கொடுத்து வந்தார். குடும்பம் நொடித்துப்போனதும், 1875-இல் அதையே விற்கத் தொடங்கினார்கள். சில வேர்களோடு வெந்தயமும் அதில் சேர்ந்திருந்தது. மூலிகைச் சத்து கெடாமல் இருக்க என்று சொல்லிச் சேர்த்த ஆல்கஹால் சுமார் 18 சதவீதம். கனிவான முகமுள்ள ஒரு மூதாட்டியாக அவருடைய படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. ஆண் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை எனக்கு எழுதுங்கள், உங்கள் கடிதத்தைப் பெண்கள் மட்டுமே படிப்பார்கள் என்று விளம்பரம் அழைத்தது. அன்றைய மருத்துவம் பெண்களிடம் கடுமையாகவே நடந்துகொண்டது. வலியைக் காதுகொடுத்துக் கேட்பவர் குறைவு. அதனால்தான் கடிதங்கள் குவிந்தன. அந்தப் பெண்களை ஏமாளிகள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிங்கம் 1883-இல் காலமானார். விளம்பரங்களோ தொடர்ந்து அவருக்கு எழுதச் சொல்லின. 1905-இல் எட்வர்ட் போக் ஆசிரியராக இருந்த 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்ற மாத இதழ், லின் நகர இடுகாட்டிலிருந்த அவருடைய கல்லறைக் கல்லின் புகைப்படத்தை வெளியிட்டது. பதில் எழுதுவது மருமகள், அவரும் திருமதி பிங்கம்தானே என்றது கம்பெனி. 1892-லேயே மருந்து விளம்பரங்களை வேண்டாமென்று நிறுத்திவிட்ட இதழ் அது. வருமானத்தை இழந்த பிறகுதான் அதற்கு அப்படிப் பேசும் துணிவு வந்தது.

கடிதங்களின் கதி இன்னும் கொடியது. தபாலில் மருந்து விற்ற பல கம்பெனிகள், தங்களுக்கு வந்த நோயாளிகளின் கடிதங்களைத் தரகர்களிடம் கொடுத்தன. தரகர்கள் அவற்றை நோய்வாரியாகப் பிரித்துக் கட்டி, அடுத்த கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார்கள். கணவனிடம்கூடச் சொல்லாததை நம்பி எழுதிய ஒரு பெண்ணின் கடிதம் முன்பின் அறியாத பலர் கைக்குப் போனது. கொஞ்ச நாளில் அவளுடைய நோயைக் குறிப்பிட்டே வேறொரு மருந்துக்காரரிடமிருந்து தபால் வரும்.

இத்தனை நடந்தும் பத்திரிகைகள் ஏன் வாய் திறக்கவில்லை? 1905-இல் 'காலியர்ஸ்' வார இதழில் மார்க் சல்லிவன் இதற்கு விடை சொன்னார். மருந்துக் கம்பெனிகள் பத்திரிகைகளோடு செய்துகொண்ட விளம்பர ஒப்பந்தத்தில், 'பேட்டன்ட் மருந்து' எனப்பட்ட இத்தகைய புட்டி மருந்துகளுக்கு எதிராக மாநிலத்தில் சட்டம் வந்தால் ஒப்பந்தம் ரத்து என்ற வாசகம் சிவப்பு மையில் இருந்தது. இந்த யோசனையைத் தன்னுடையதென்று தயாரிப்பாளர் சங்கக் கூட்டத்தில் பெருமையோடு சொல்லிக்கொண்டவர், சங்கத் தலைவராயிருந்த டொலிடோ நகரின் ஃபிராங்க் செனி. சட்டமன்றத்தில் மசோதா வந்ததும் பத்திரிகை முதலாளிகளுக்குத் தந்தி பறக்கும். சிற்றூர்ப் பத்திரிகைக்கு அந்த விளம்பரக் காசு போனால் அச்சகத்தையே மூட வேண்டும். மசோதாவை எதிர்த்துத் தலையங்கம் எழுதினார்கள், அல்லது செய்தியையே போடவில்லை. புட்டியில் உட்பொருளை அச்சிடச் சொன்ன மசோதாவை மாசசூசெட்ஸ் சட்டமன்றம் காரசாரமாக விவாதித்தபோது, பாஸ்டன் நகரப் பத்திரிகைகள் மௌனமாக இருந்தன. விளம்பரத்தில் சொன்ன பொய்யைவிட, விலைக்கு வாங்கப்பட்ட இந்த மௌனம்தான் அதிகத் தீங்கு செய்தது என்பேன். பொய்யை இன்னொரு பத்தியில் மறுக்கலாம். மறுக்க வேண்டிய பத்தியையும் சேர்த்தே அவர்கள் வாங்கிவிட்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் 'காலியர்ஸ்' இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் ஒரு தொடரை ஆரம்பித்தார். அமெரிக்கர்கள் இம்மருந்துகளுக்கு ஆண்டுக்கு ஏழரைக் கோடி டாலர் செலவிடுவதாகக் கணக்கிட்டார். அழும் குழந்தைகளை அடக்கும் சிரப்புகளில் மார்ஃபின் இருந்ததையும் அதனால் குழந்தைகள் இறந்ததையும் எழுதினார். ஹார்ட்மனையே நேரில் கண்டு பேசினார். மக்கள் விளம்பரத்தைப் படிக்கிறார்கள், நம்பிக்கை பிறக்கிறது, மருந்து சற்று ஊக்கம் தருகிறது, குணமாகிறார்கள் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். தன் சரக்கின் சூட்சுமத்தை அதைச் செய்தவரே விளக்கிவிட்டார்.

1906 ஜூன் 30 அன்று உணவு, மருந்துத் தூய்மைச் சட்டத்தில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். ஆல்கஹால், மார்ஃபின், ஓபியம், கோகெய்ன் முதலியவை இருந்தால் அவற்றின் அளவை லேபிளில் அச்சிட வேண்டும் என்றானது. ஆனால் சட்டத்தின் கை புட்டியோடு நின்றது. பத்திரிகைப் பத்தியைத் தொடவில்லை. லேபிளிலும் ஓட்டை இருந்தது. கான்சஸ் சிட்டிக்காரர் ஒருவரின் புற்றுநோய் 'மருந்து' பற்றிய வழக்கில், உட்பொருளைப் பற்றிப் பொய் சொல்வதைத்தான் இச்சட்டம் தடுக்கிறது, குணமாக்கும் என்ற பொய்யை அல்ல என்று 1911-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே திருத்தம் வந்தது. அதன்படியும் ஏமாற்றும் எண்ணத்தை அரசு நிரூபித்தாக வேண்டும். நானே நம்பித்தான் விற்றேன் என்று சொன்னவர் தப்பினார். மருந்து விளம்பரங்களைத் தட்டிக்கேட்கும் தெளிவான அதிகாரம் அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 1938-இல்தான் கிடைத்தது.

இந்தியாவில் 1954-இல் இயற்றிய மருந்துகள், மாய நிவாரணிகள் விளம்பரச் சட்டம் நேரே விளம்பரத்தையே பிடித்தது. நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு உட்பட 54 நோய்களும் நிலைகளும் அதன் அட்டவணையில் உள்ளன. பிங்கம் புட்டி பிழைத்த 'பெண்களின் நோய்கள்' ஒரு பொதுத் தலைப்பாகவே அதில் இருக்கிறது. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது. தடை மருந்து விற்பவரோடு நிற்கவில்லை. அந்த விளம்பரத்தை வெளியிடுவதில் எந்த வகையிலும் பங்கெடுப்பவர் எல்லாரையும் அது சேர்த்துக்கொள்கிறது, அச்சிடும் பத்திரிகையையும்தான்.