முதியோருக்கு ஏற்ற பராமரிப்பைத் தேர்ந்தெடுத்தல்

வயதான பெற்றோரோ உறவினரோ தம் அன்றாட வேலைகளைத் தனியே செய்துகொள்ள இயலாமல் போகும்போது, அவருக்கு எந்த உதவி, எங்கே, யாரால் தரப்பட வேண்டும் எனக் குடும்பம் முடிவு செய்ய வேண்டியுள்ளது. "வீட்டில் வைத்துக்கொள்வதா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா" என்று இதை இரண்டே வழிகளாகப் பேசுவது நம்மிடையே வழக்கம். உண்மையில் இவ்விரண்டுக்கும் இடையில் பல படிகள் உள்ளன.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு. முதியோர் காப்பகம் நமக்குப் புதிதும் அன்று. 1782இல் பஞ்ச காலத்தில் தோன்றிய இராயபுரம் மணியக்காரர் சத்திரம் ஆதரவற்றோருக்கு அடைக்கலம் தந்தது. 1978இல் சாவித்திரி வைத்தி ஆதரவற்ற முதியோருக்காக விச்ராந்தி இல்லத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் மருத்துவர் வி. எஸ். நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். முதுமை என்பது ஆதரவின்மை மட்டுமன்று, தனி மருத்துவக் கவனம் வேண்டும் பருவம் என்ற எண்ணம் இங்கு வேரூன்றியது அதன் பிறகே.

நாவலூரில் காணும் நிலை

செங்கல்பட்டு மாவட்டத்தில் ராஜீவ் காந்தி சாலையில், சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் இடையே உள்ளது நாவலூர். தகவல் தொழில்நுட்பப் பணிகளால் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய ஊர். பிள்ளைகள் இங்கே வீடு வாங்கியதும், சொந்த ஊரில் தனியாக இருக்கும் தாயையோ தந்தையையோ அழைத்து வந்துவிடுகின்றனர். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் திண்ணையில் அமர்ந்து தெருவோடு பேசிப் பழகியவர், பத்தாவது மாடியில் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை பூட்டிய கதவுக்குள் இருக்கிறார். பால்காரரையும் கோயில் குருக்களையும் தெரிந்து வைத்திருந்த ஊரில் அவர் ஓரளவு தாமே இயங்கினார். இங்கே கடைக்குப் போகவும் மகனை எதிர்பார்க்க வேண்டியுள்ளது. ஆகவே இடமாற்றத்தையே பராமரிப்பு என்று கருதிவிடக் கூடாது. ஊரிலேயே ஒரு சமையல் உதவியாளரை அமர்த்துவது அவருக்குக் கூடுதல் நன்மை தருமா என்பதை முதலில் யோசிக்கலாம்.

முதலில் அளவிட வேண்டியது

எவ்வளவு உதவி தேவை என்று அறிய உலகெங்கும் பயன்படும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்சும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்டது. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறையும் அவர் பிறர் துணையின்றிச் செய்கிறாரா என்று பார்ப்பதே அது. 1969இல் வந்த லாட்டன் அளவுகோல் இதற்கு ஒரு படி மேலே உள்ள வேலைகளைப் பார்க்கிறது: தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், மருந்தைத் தவறாமல் உட்கொள்ளுதல், பணக் கணக்கு முதலியன.

பெரும்பாலும் இரண்டாம் வகை வேலைகளே முதலில் தடுமாறும். மின்கட்டணம் இருமுறை கட்டப்படும், மாத்திரை அட்டை அப்படியே இருக்கும். இந்த நிலையில் உள்ளவருக்கு முதியோர் இல்லம் தேவைப்படாது. மாத்திரைப் பெட்டியை வாரம் ஒருமுறை நிரப்பித் தரவும், கணக்கைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் போதும். குளியலும் கழிப்பறையும் கடினமாகும்போதுதான் உடனிருந்து பார்க்கும் ஆள் வேண்டும். எழுந்து மாற இரண்டு பேர் தூக்க வேண்டிய நிலை வந்துவிட்டால், வீட்டில் ஒரே ஒரு மருமகளோ மகளோ அதைச் சுமப்பது நடைமுறையில் நீடிக்காது. இதைச் சொல்லப் பலர் கூச்சப்படுகின்றனர். அவருடைய முதுகு வலியும் தூக்கமின்மையும் கணக்கில் சேர வேண்டியவையே.

அளவிடுமுன் மருத்துவரைக் காண்பது இன்றியமையாதது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இரண்டு நாளில் ஆளைத் தெரியாமல் உளறினால், அது மறதி நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு. சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைதல், புதிய மருந்து போன்றவை திடீர்க் குழப்பத்தை உண்டாக்கும். சிகிச்சையால் இது பெரும்பாலும் சரியாகும். மெல்ல வளரும் மறதியிலும் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். சரிசெய்யக்கூடிய கோளாறுக்காக ஒருவரை நிரந்தரமாக இல்லத்தில் சேர்ப்பது பெரும் அநீதி. கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இத்தகைய முழுப் பரிசோதனைக்கு ஏற்ற அரசு நிறுவனம்.

பராமரிப்பு வகைகள்

வீட்டுப் பராமரிப்பில் முதல் செலவு ஆளுக்கானது அன்று, குளியலறைக்கானது. கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, மேற்கத்தியக் கழிப்பறை, இரவு விளக்கு ஆகியவை இடுப்பெலும்பு முறிவைத் தவிர்க்க உதவுவன. ஆள் வைக்கும்போது, சமைத்துத் துணையிருக்கும் உதவியாளர் வேறு, குழாய் வழி உணவு கொடுக்கவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் தெரிந்த பயிற்சி பெற்ற செவிலியர் வேறு என்பதை மறக்கக் கூடாது. முகவர் நிறுவனம் அனுப்புபவரின் பயிற்சிச் சான்றையும் அடையாள ஆவணத்தையும் கேட்டுப் பெற வேண்டும்.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் (தொடக்கம் 5 ஆகஸ்ட் 2021) இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டுக்கே கொண்டு தருகிறது. படுக்கையில் உள்ளவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் நோய் தணிப்புச் சேவையும் இதில் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யலாம். அடுக்குமாடியில் வசிப்போர் இதை ஏழைகளுக்கானது என ஒதுக்கிவிடுகின்றனர், தேவையில்லாத தயக்கம்.

பகல்நேரப் பராமரிப்பு மையம், வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்குப் பொருந்தும். முதியவர் மாலையில் வீடு திரும்புகிறார், பகலில் பேச ஆள் கிடைக்கிறது. ஓய்வுக்காலக் குடியிருப்புகள் உடல்நலத்தோடு இருப்பவர்க்கு உரியவை. உணவும் பாதுகாப்பும் கிடைக்கும், ஆனால் படுக்கையில் விழுந்தால் கவனிப்பு உண்டா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. முற்றிய மறதி நோய்க்கு அதற்கெனப் பயிற்சி பெற்ற ஊழியர் உள்ள இல்லமே ஏற்றது. குணப்படுத்த இயலாத நோயின் இறுதிக் கட்டத்தில் வேண்டுவது நோய் தணிப்புச் சிகிச்சை.

இல்லத்தை நேரில் பார்த்தல்

சொல்லாமல், உணவு வேளையில் செல்வது நல்லது. சாப்பாட்டுத் தட்டும் கழிப்பறையும் விளம்பரப் படத்தை விட அதிகம் சொல்லும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு உள்ளதா, இரவில் எத்தனை பேர் பணியில் உள்ளனர், மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வர், முன்பணம் திரும்பக் கிடைக்குமா என எழுத்தில் கேட்க வேண்டும். முக்கியமான கேள்வி மற்றொன்று: "நடமாட்டம் நின்றுவிட்டால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா?" தம் வேலையைத் தாமே செய்பவரை மட்டும் ஏற்கும் இல்லங்கள் பல. அங்கே சேர்த்தால் மிகவும் தளர்ந்த நேரத்தில் மீண்டும் இடம் தேட நேரிடும். ஒரு மாதம் தங்கிப் பார்க்கும் ஏற்பாடு இருந்தால் அதை ஏற்கலாம்.

இவற்றை எல்லாம் முதியவரையும் உடன் அழைத்துச் சென்று செய்ய வேண்டும். "கோயிலுக்குப் போகிறோம்" என்று சொல்லி இல்லத்தில் விட்டு வரும் வழக்கம் கொடியது. அதன் பிறகு பிள்ளைகள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

சட்டமும் சொத்தும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன்படி தம் வருவாயில் வாழ இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமும் வயது வந்த பேரப்பிள்ளைகளிடமும் பராமரிப்புத் தொகை கோரலாம். பிள்ளையில்லாத அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் இது பொருந்தும். அவர்தம் சொத்தை வைத்திருப்பவரோ, வாரிசாகப் பெறவிருப்பவரோ அவரைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர். சட்டத்தில் உள்ள உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய்.

இச்சட்டத்தின் 23ஆம் பிரிவைப் பத்திரம் எழுதுமுன் அறிந்திருப்பது அவசியம். அடிப்படை வசதிகளைத் தர வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தில், அந்த நிபந்தனை மீறப்பட்டால், அப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கும்படி முதியவர் கேட்கலாம். நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. சட்டத்தை முதியோர் நலன் நோக்கித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. வழக்காடி நிரூபிப்பதை விட, தானப் பத்திரத்திலேயே "என்னைப் பராமரிக்கும் நிபந்தனையின் பேரில்" என ஒரு வரி சேர்ப்பது எளிது. பராமரிப்புக்கான பணம் எங்கிருந்து வரும் என்று முடிவாகும் முன் வீட்டை எழுதிக் கொடுத்துவிடுவது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் அந்த வீட்டு வாடகையே நாளை செவிலியரின் சம்பளமாக வேண்டியிருக்கலாம்.

மனுவை வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். முதியவர் தாமே எழுதிக் கொடுக்கலாம், இயலாதவர் வேறொருவர் மூலமும் கொடுக்கலாம். பராமரிப்புத் தொகை கோரும் மனுவில், அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவு காண வேண்டும் என்பது விதி. தனிக் காரணம் இருந்தால் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.