அறுபது நாள்

கமுந்திங் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தடுப்பு முகாம்தான் ஞாபகம் வரும். 2007 டிசம்பரில் இந்தியர் உரிமைக்குப் போராடிய இண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரை, விசாரணையின்றி அடைக்கும் இசா சட்டத்தில் பிடித்து இங்கேதான் அடைத்தார்கள். அவர்களில் ஒருவரான மனோகரன் உள்ளே இருந்தபடியே 2008 தேர்தலில் கோத்தா ஆலம் ஷா தொகுதியை ஜெயித்தார். அந்தச் சட்டமே 2012-ல் போய்விட்டது. அதே கமுந்திங்கில் அட்தெக் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

நான் இங்கே ஒரு கார்மெண்ட் தொழிற்சாலையில் 19 வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அப்பா பால்மரம் வெட்டியவர். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்ததும், சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் எத்தனையோ பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அப்பாவிடம் குடியுரிமைக்கான நீல அட்டை இருந்ததால் தப்பினார். ஆனால் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது அவருக்கு வேலை இல்லை. மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவத் தெரிந்த கை அது. அதற்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்?

என் முறை 2020 பிப்ரவரியில் வந்தது. கோலாலம்பூரில் ஆட்சி கவிழ்ந்த அதே வாரம். ஆள் குறைப்பாம். மேசைமேல் ஒரு தாளை வைத்து, கையெழுத்துப் போடுங்கள் அக்கா, சம்பளம் சீக்கிரம் வரும் என்றாள் ஆபீஸ் பெண். மலாயில் இரண்டே வரி. ‘பெர்ஹெந்தி சுகாரெலா’ என்றிருந்தது. நானாகவே விலகுகிறேனாம்! பேனாவைக் கீழே வைத்தேன். எனக்கு முன்னால் போனவர்களில் பலர் போட்டுவிட்டிருந்தார்கள்.

ஏன் போடக் கூடாது? 2018 ஜனவரியிலிருந்து சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் வேலைக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. நம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளியிடம் அதே அளவு பிடிக்கிறார்கள். ஆள் குறைப்பில் வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, 40, 30, 30 என்று ஆறு மாதம் வரை வேலை தேடும் படித்தொகை கிடைக்கும். பயிற்சிக் கட்டணமும் உண்டு. தானாக விலகினவருக்கு இதில் ஒரு காசும் கிடையாது.

2018 மே முதல் 2022 முடிவதற்குள் நாலு பிரதமர்களைப் பார்த்துவிட்டோம். மனிதவள அமைச்சர் நாற்காலியில் ஈப்போ பாராட் குலசேகரன், தாப்பா சரவணன், பத்து காஜா சிவகுமார் என்று பேராக் தொகுதிகளின் நம்மவர்களே வரிசையாக உட்கார்ந்தார்கள். கட்சி மாறியது, நாற்காலி மாறியது, அந்த 0.2 விழுக்காடு மட்டும் மாறவில்லை. எனக்கு உதவியது அதுதான்.

இன்னொன்று. அனுபவம் உள்ளவர்கள் வகுப்பில் உட்காராமலே மலேசியத் திறன் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. பழைய சம்பளச் சீட்டு, செய்த வேலையின் படங்கள் எல்லாம் கோப்பாகச் சேர்த்துக் கொடுத்தால் அதிகாரி வந்து மதிப்பிடுவார். நான் தைத்த ஒவ்வொரு பாக்கெட்டையும் படமெடுத்து ஒட்டினேன். 47 வயதில் சான்றிதழ் கைக்கு வந்தது. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

வேலை போகும் நாளில் நீட்டுகிற தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, மலாய் படித்த பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லுங்கள். சொக்சோவில் மனுப்போட, வேலை போன நாளிலிருந்து அறுபது நாள்தான்.