பழைய காரும் மின் மோட்டாரும்: ஓசூர் வரை ஒரு கணக்கு

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே மின்சார ஸ்கூட்டர்கள் ஓடுவது இன்று புதுமையன்று. அவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளே ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இருக்கின்றன. ஓசூரைத் தாண்டிப் பெங்களூர் செல்லும் வழியிலுள்ள பொம்மசந்திராவில்தான், 2001ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ‘ரேவா’ மின்சாரக் கார் உருவாயிற்று. இவற்றையெல்லாம் பார்க்கும் மாணவர்களுக்கு ஓர் ஆசை எழுகிறது. வீட்டில் சும்மா நிற்கும் பழைய மாருதி 800 காரின் என்ஜினைக் கழற்றிவிட்டு, மின் மோட்டாரைப் பொருத்திக் குறைந்த செலவில் ஓட்டினால் என்ன?

ஓட்டலாம். ஆனால் முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும்.

இருவர் அமர்ந்த காரின் மொத்த நிறை 800 கிலோகிராம் என்று கொள்வோம். சமதரையில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, சக்கரங்களின் உருளல் உராய்வு ஏறத்தாழ 120 நியூட்டன். காற்றின் தடை 65 நியூட்டன். இத்துடன் ஏற்றமும் உண்டு. கிருஷ்ணகிரியைவிட ஓசூர் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொலைவு சுமார் 50 கிலோமீட்டர். ஆகவே ஏற்றத்துக்கெனச் சராசரியாக 63 நியூட்டன் தேவை. மொத்தம் 248 நியூட்டன். இதனை 50,000 மீட்டரால் பெருக்கினால் 1 கோடியே 24 லட்சம் ஜூல், அதாவது சுமார் 3.4 யூனிட். மோட்டாரிலும் மற்றவற்றிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் 4.3 யூனிட் வேண்டும்.

வேகத்தை 90 கிலோமீட்டராக்கினால் காற்றின் தடை இருமடங்கன்று, நான்கு மடங்காகும். இவ்வகைக் கார் நெடுஞ்சாலையில் லாரிகளை முந்திச் செல்வதற்கு ஏற்றதன்று.

இனிச் சேமக்கலத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. ஒரு கிலோகிராம் காரீய அமிலச் சேமக்கலத்தில் இருப்பதோ 0.03 யூனிட்தான்! ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக 300 கிலோகிராம் சேமக்கலம் என்றாகிறது. நல்லவேளையாக, பெட்ரோல் என்ஜின் தான் பெறும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கையே பயன்படுத்துகிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. மோட்டாரில் அந்த வீண் இல்லை.

என்றாலும் சிக்கல் தீரவில்லை. காரீயச் சேமக்கலத்தை அடிக்கடி முழுவதும் வடியவிட்டால் அது விரைவில் கெடும், பாதியைத்தான் பயன்படுத்தலாம். ஆகவே 4.3 யூனிட்டுக்கு 8.6 யூனிட் கொள்ளளவு வேண்டும். அதன் நிறை சுமார் 290 கிலோகிராம். பின் இருக்கை இருந்த இடம் அதற்கே சரியாகிவிடும். மேலும், காரின் மொத்த நிறை இப்போது 800 அன்று, 1,000ஐயும் தாண்டுகிறது. நிறை கூடியதால் உராய்வு கூடும்; அதற்கு இன்னும் சேமக்கலம் வேண்டும்; அதனால் மீண்டும் நிறை கூடும். மின்சாரக் காரை நெடுங்காலம் தடுத்து நிறுத்தியது இந்தச் சுழல்தான், மோட்டார் அன்று. மணிக்கு 100 கிலோமீட்டரை முதன்முதலாகத் தாண்டிய கார் மின்சாரக் காரே என்பது பலருக்குத் தெரியாது. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த காமில் ஜெனாட்சி 1899இல் அதனை ஓட்டிக் காட்டினார்.

மோட்டாரின் இயல்பு என்ஜினுக்கு நேர்மாறானது. நின்றிருக்கும் என்ஜினால் காரை இழுக்க முடியாது, அதற்காகத்தான் கிளட்ச். நேர்மின் தொடர்சுற்று மோட்டாரோ, நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் மிகுதியான முறுக்கு விசை தரும். சுழலத் தொடங்கியதும் அதனுள் எதிர் மின்னியக்கு விசை தோன்றி, மின்னோட்டத்தைத் தானாகவே குறைக்கிறது. ஆனால் சுமையின்றி இதனை ஓட்டவே கூடாது. வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி, ஆர்மெச்சூர் சிதறிவிடலாம்.

கியர் பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை. என்ஜின் இருந்த இடத்தில் மோட்டாரை வைத்து, இரண்டையும் இணைக்க ஒரு தகடும் ஓர் இணைப்பும் கடைந்துகொண்டால் போதும். ஓசூரில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. இரு தண்டுகளின் மையமும் மிக நுட்பமாக ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வினால் பேரிங் விரைவில் போய்விடும்.

செலவைப் பார்ப்போம். இந்தப் பயணத்துக்கு இரண்டரை லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய் எனில், 250 ரூபாய். சேமக்கலத்தில் மின்னேற்றும்போதும் இழப்பு உண்டாதலால் 6 யூனிட் மின்சாரம் வாங்க வேண்டும். யூனிட் 8 ரூபாய் வீதம் 48 ரூபாய். மகிழ அவசரப்பட வேண்டாம். காரீயச் சேமக்கலங்களின் விலை 80,000 ரூபாய் என்றும், 400 முறை மின்னேற்றலாம் என்றும் கொண்டால், ஒவ்வொரு பயணத்துக்கும் 200 ரூபாய் தேய்மானம். மொத்தம் 248! மிச்சம் இரண்டே ரூபாய். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 90,000 ரூபாயாக இருந்து 2,000 முறை உழைத்தால், தேய்மானம் 45 ரூபாய்தான். நிறையும் 60 கிலோகிராமுக்குள் அடங்கும். வாரம் ஒருமுறை மட்டும் காரை எடுப்பவருக்கு இக்கணக்குப் பொருந்தாது. ஓடாமல் நின்றாலும் சேமக்கலத்துக்கு வயதாகிறது.

மாணவர்கள் இதனைத் தாமே செய்துபார்க்கக் கூடாது. சேமக்கல முனைகளின் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பே உருகும். காரீயச் சேமக்கலம் மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஒரு பொறி போதும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவு அதிகாரியின் ஒப்புதலின்றி வண்டியை மாற்றியமைக்க இயலாது. பொருத்தப்படும் சாதனமும் சோதனை நிலையங்களில் தேறியதாக இருக்க வேண்டும். குறைந்த செலவு என்ற ஆசையை இந்தச் செலவுதான் பெரும்பாலும் முறியடிக்கிறது.

திரும்பும் பயணத்தை நீங்களே கணக்கிடுங்கள். இறக்கத்தில் 63 நியூட்டன் நமக்குத் துணையாகிறது. 800 கிலோகிராம் நிறையுள்ள அதே காருக்கு ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வர எத்தனை யூனிட் வேண்டும்?