நடக்க இயலாதவருக்கும் நவநரசிம்மர்

அகோபிலம் சென்று திரும்பியவரிடம் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, "ஒன்பதும் ஆயிற்றா?" என்பதே. பெருமாள் எப்படி எழுந்தருளியிருந்தார், சேவை நன்றாகக் கிடைத்ததா என்பனவெல்லாம் பிறகுதான். ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் யாத்திரையே குறைபட்டுவிட்டதாக நம்மில் பலர் எண்ணுகின்றனர். இந்த எண்ணத்தால் வயது முதிர்ந்தோர் அந்த மலையில் படும் சிரமத்தை நேரில் கண்டவன், ஓரளவு நானே பட்டவன் என்ற முறையில் அங்குள்ள பாதைகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

ஆந்திர மாநிலம் நந்தியால் மாவட்டத்தில், நல்லமலைக் காடுகளின் மடியில் அமைந்த சிற்றூர் அகோபிலம். ஆதிசேஷனே மலைத்தொடராகக் கிடக்கிறான் என்றும், அவன் தலை திருமலை, உடல் அகோபிலம், வால் ஸ்ரீசைலம் என்றும் பெரியோர் கூறுவர். திருமங்கையாழ்வார் இத்தலத்தைச் சிங்கவேள்குன்றம் என்று பெரிய திருமொழியில் பத்துப் பாசுரங்களால் மங்களாசாசனம் செய்திருக்கிறார். காட்டின் வெம்மையையும் கல்லையும் வேடர்களின் ஆரவாரத்தையும் சொல்லி, தெய்வங்களன்றி மற்றவர் எளிதில் அணுகவொண்ணாத இடம் என்கிறார். ஆடல்மா என்னும் குதிரையேறித் திவ்யதேசங்கள் பலவற்றையும் சேவித்த ஆழ்வாரே இவ்வாறு பாடினார் என்றால், மூட்டுவலித் தைலத்துடன் புறப்படும் நாம் சற்று யோசித்துத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும்.

சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில் கடப்பாவில் இறங்கி, மைதுகூர், ஆள்ளகட்டா வழியாகக் காரில் செல்வது முதியோருக்கு நல்லது. முதலில் வருவது கீழ் அகோபிலம். இங்கே பிரகலாத வரதர் பெரிய கோயில் கொண்டு எழுந்தருளியிருக்கிறார். கிருஷ்ணதேவராயர் தம் கலிங்கப் படையெடுப்புக் காலத்தில், 1515ஆம் ஆண்டில், இங்கு வந்து வழிபட்டிருக்கிறார். மண்டபத் தூண்களை நிதானமாகப் பார்க்க அரை நாள் வேண்டும். ஆனால் இந்தப் பெருமாள் ஒன்பது பேர் கணக்கில் சேர்ந்தவர் அல்லர். அதனாலேயே, ஒன்பதை எண்ணிக்கொண்டு வருவோர் பலர் இச்சந்நிதியில் கால் நிமிடம் நின்றுவிட்டு ஜீப்புக்கு ஓடுகிறார்கள். கணக்கு நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்.

ஒன்பதில் ஐவரைப் பெரும்பாலும் வண்டியிலேயே சென்று சேவிக்கலாம். கீழ் அகோபிலத்தைச் சுற்றி யோகானந்தர், ஆலமர நிழலில் வீற்றிருக்கும் சத்ரவடர், பரசுராமர் தவம் செய்த பார்கவர் ஆகிய மூவர் இருக்கின்றனர். பார்கவருக்கு மட்டும் படியேற வேண்டும். கைத்தடி துணையிருந்தால் மெல்ல ஏறிவிடலாம். கந்தர்வர்களின் பாட்டைக் கேட்டபடி சத்ரவடர் முகமலர்ந்து அமர்ந்திருக்கும் அழகுக்கு ஈடு ஏது? மேல் அகோபிலம் செல்லும் சாலையோரத்தில், புங்க மரத்தடியில், கையில் வில்லேந்திய கரஞ்ச நரசிம்மர். சாலை முடியும் இடத்தில், கீழ்க்கோயிலிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டரில், குகையினுள் சுயம்புவாகத் தோன்றிய அகோபில நரசிம்மர். உக்கிர மூர்த்தியான இவரே தலத்தின் மூலவர்.

ஆறாமவரான பாவனருக்கும் ஜீப் போகிறது. ஆனால் அது சாலை அன்று. காட்டுக்குள் கல்லும் குழியுமான தடம். முதுகெலும்பில் தேய்மானம் உள்ளவர்கள் இதை நன்கு எண்ணிப் பார்த்து ஏற வேண்டும். நடப்பதைவிட இந்த ஜீப் பயணமே கடினம் என்பது என் கருத்து.

எஞ்சிய மூவர் வராகர், மாலோலர், ஜ்வாலா நரசிம்மர். இவர்களுக்கு நடந்தே ஆகவேண்டும். மேல்கோயிலின் அருகிலிருந்து பவநாசினி ஆற்றங்கரையோடு பாதை தொடங்குகிறது. முதற்பகுதி அவ்வளவு கடினமன்று. இருபுறமும் மலை நெருங்கி நிற்க, நீர் சலசலக்க, மரநிழலில் நடக்கையில் காலின் வலி சிறிது நேரம் மறந்துதான் போகிறது. ஒரு கிலோமீட்டர் அளவில், பாறைக்குகையில் பூமிப்பிராட்டியோடு வராகர் சேவை சாதிக்கிறார். அதற்கு மேல்தான் சோதனை. உருண்டைக் கற்கள், ஓடையின் குறுக்கே கடவைகள், பின்னர் முடிவே தெரியாத படிகள். ஜ்வாலா நரசிம்மர் சந்நிதியை நெருங்கும்போது பாதை ஒடுங்கி, ஒருபுறம் செங்குத்துப் பாறை, மறுபுறம் பள்ளம் என்றாகிவிடுகிறது. பாறையிலிருந்து அருவி நீர் தலைமேல் சொரியும். நனைந்த கல்லில் பாதம் நிற்காது. இரணியனை மடியில் கிடத்தி வதம் செய்யும் திருக்கோலத்தில் பெருமாள் அங்கே இருக்கிறார். அருகே, அவர் திருக்கைகளைக் கழுவியதாகச் சொல்லப்படும் ரத்தகுண்டம்.

அதற்கும் மேலே, இரண்டாகப் பிளந்து நிற்கும் சிகரமான உக்ர ஸ்தம்பம் உண்டு. தூணைப் பிளந்து பெருமாள் தோன்றிய இடம் அதுவே என்பர். அது ஒன்பதில் சேராது. இளைஞர்களுக்கே மூச்சு வாங்கும் ஏற்றம். பேரன் அழைத்தாலும் முதியோர் போகலாகாது.

சென்ற மார்கழியில் நாங்கள் குடும்பத்தோடு சென்றிருந்தோம். எனக்கு எழுபது வயது. வராகரைத் தாண்டி அரை மணி நடந்திருப்பேன். வலது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. டோலி தூக்கும் அன்பர் ஒருவர் அருகில் வந்து, "ரண்டி, தாதகாரு" என்று பரிவோடு அழைத்தார். நால்வர் தோளில் ஏறிப் போவதற்கு என் மனம் ஒப்பவில்லை. அது பக்தியா, வீம்பா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. "நீங்கள் இந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருங்கோ. எங்கேயும் எழுந்து போகவேண்டாம்" என்று சொல்லிவிட்டு, என் மனைவி மகனோடு மேலே சென்றாள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடைக்கரையில் தனியே இருந்தேன். விஷ்ணு சஹஸ்ரநாமம் இருமுறை சொல்லி முடித்தேன். மனம் அடங்கவில்லை. இத்தனை தூரம் வந்தும் ஜ்வாலாவைச் சேவிக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்ற துக்கம் தொண்டையை அடைத்தது. திரும்பி வந்தவள் ஒன்றும் பேசாமல் ஒரு பாட்டிலை நீட்டினாள். அருவி நீர். ஒரு வாய் குடித்துவிட்டு மெல்லக் கீழே இறங்கினோம்.

அன்று மாலை பிரகலாத வரதர் சந்நிதியில், உடன் வந்த யாத்திரிகர் ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எட்டுகூட ஆகவில்லை என்றேன். தீர்த்தம் சாதித்துக்கொண்டிருந்த வயதான அர்ச்சகர் அதைக் கேட்டுவிட்டார். "இந்தப் பக்கத்துக் கிராமத்துக் கிழவர்கள் எத்தனையோ பேர் ஜ்வாலாவுக்கு ஏறினதே இல்லை, சுவாமி. ஆனால் வருஷம் தவறாமல் அவரைச் சேவிக்கிறார்கள்" என்றார். எனக்கு விளங்கவில்லை. பிறகு அவர் பாருவேட்டை உற்சவத்தைப் பற்றிச் சொன்னார்.

மகாலக்ஷ்மி செஞ்சு வேடர் குலத்தில் செஞ்சுலக்ஷ்மியாக அவதரித்து நரசிம்மரை மணந்தாள் என்பது இம்மலையின் வரலாறு. அதனால் செஞ்சு மக்களுக்குப் பெருமாள் வீட்டு மாப்பிள்ளை. மாசி மாதம் வரவிருக்கும் தம் கல்யாண உற்சவத்துக்கு உறவினரையும் ஊராரையும் அழைக்க அவரே நேரில் புறப்படுகிறார். சங்கராந்தி கழிந்ததும் மேல் அகோபிலத்து ஜ்வாலா நரசிம்மரின் உற்சவமூர்த்தியும் கீழ் அகோபிலத்துப் பிரகலாத வரதரும் ஒரே பல்லக்கில் எழுந்தருளுகின்றனர். நாற்பது நாட்களுக்கு மேல், முப்பதுக்கும் அதிகமான கிராமங்கள். ஒவ்வோர் ஊரிலும் பல்லக்கை இறக்கிவைக்க மேடை உண்டு. அன்றுதான் அவ்வூருக்குத் திருவிழா. மணமாகி வெளியூர் போன பெண்கள் பிறந்தகம் வருவார்கள். நடக்க இயலாதோரைக் கட்டிலோடு தூக்கி வந்து பல்லக்கின் முன் வைப்பதும் உண்டு என்றார் அர்ச்சகர்.

மாலோலரின் கதையும் இத்தகையதே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருமகளை மடியில் இருத்திய மாலோலர் சந்நிதிக்கும் படியேறித்தான் போகவேண்டும். ஆனால் அவருடைய உற்சவமூர்த்தி மலையில் இல்லை. ஆதிவண் சடகோப சுவாமி அகோபில மடத்தை நிறுவிய நாளிலிருந்து, பீடத்தை அலங்கரிக்கும் ஒவ்வோர் அழகியசிங்கரோடும் ஊர் ஊராக எழுந்தருளி வருகிறார். எங்கள் ஊரில், எங்கள் தெருவிலேயே அவர் எழுந்தருளியிருந்தபோது பலமுறை சேவித்திருக்கிறேன். அவர் எந்த மலையிலிருந்து இறங்கி வந்தவர் என்று அந்நாளில் எண்ணிப் பார்த்ததில்லை.

செல்ல விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். கோடையில் நந்தியால் வட்டாரத்தின் வெயிலை நம் உடல் தாங்காது. மழைக்காலத்தில் ஓடை பெருகிப் பாறை வழுக்கும். கார்த்திகை முதல் மாசி வரை உகந்த காலம். விடியலிலேயே நடையைத் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் மேல்கோயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். இது புலிகள் வாழும் காடு. மூங்கில் கழி ஒன்று அவசியம். பழமும் பிரசாதமும் பையினுள்ளே இருக்கட்டும். குரங்குகளுக்குக் கூச்சம் கிடையாது. இரண்டு நாள் தங்கினால் அவசரமில்லை. டோலியில் ஏறுவதென்றால் வீட்டாரோடு கலந்து கீழேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பாதி வழியில், என்னைப் போல் வீம்பு பிடிக்க வேண்டாம்.

வரும் தை மாதம், மாட்டுப்பொங்கல் கழிந்ததும், நானும் மனைவியும் மறுபடி புறப்படுவதாக இருக்கிறோம். இம்முறை மலைக்கு அன்று. பல்லக்கு வரும் கிராமங்களில் ஒன்றுக்கு. மேடை வரைக்கும் கார் போகும் என்று அர்ச்சகர் சொல்லியிருக்கிறார்.