பேஸ்மட்டத்துக்கு எந்தப் பூச்சு?

வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்றால், ஹாலுக்கு எந்தக் கலர், ஜன்னலுக்கு எந்தக் கலர் என்று நாள் கணக்கில் யோசிக்கிறோம். தரையை ஒட்டி வெளியே தெரிகிறதே இரண்டடி அஸ்திவாரம், 'பேஸ்மட்டம்' என்று கொத்தனார் சொல்வாரே, அதைப் பற்றி யோசிக்கிறோமா? 'மிச்சம் இருக்கிற பெயின்டை அங்கே அடிச்சு விடுங்க' என்பதோடு சரி! ஆனால் வீட்டுக்குள் ஓதம் ஏறுவதும் ஏறாததும் பெரும்பாலும் அந்த இரண்டடியில்தான் இருக்கிறது.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். குழந்தை வேலப்பர் கோயிலாலும், 2019ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டாலும் பேர் வாங்கிய ஊர். 6,000 அடிக்கு மேலே, சரிவில் அடுக்கடுக்காய் வீடுகள். கீழே வத்தலக்குண்டில் மழை விட்டால் வெயில் வந்து சுவரைக் காய வைத்துவிடும். இங்கே மழை விட்டால் மேகமூட்டம். அது விட்டால் பனி! ஐப்பசியில் நனைந்த சுவர் தை பிறந்தாலும் காயாது.

எங்களுடையது பழைய வீடு. கருங்கல் பேஸ்மட்டம், அதன்மேல் மண் சுவர். மேட்டுப் பக்கத்தில் மட்டும், நான் வருவதற்கு வெகு காலம் முன்பே சிமென்ட் பூசி எண்ணெய் பெயின்ட் அடித்திருந்தார்கள். வெளியே பளிச்சென்று இருக்கும். அந்தப் பக்கத்து அறையில்தான் சுவரில் உப்புப் பூத்தது; பாய்க்கு அடியில் பூஞ்சை பிடித்தது. அங்கே படுத்த எங்கள் மூன்று வயதுப் பெண்ணுக்குச் சளியும் இரைப்பும் விட்டபாடில்லை. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "குழந்தை படுக்கிற ரூம்ல ஈரம் இருக்காம்மா?" என்று கேட்டார். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமல், இரைப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009ல் வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது.

கையில் இருந்தது பூண்டு விற்ற காசு. ஒரு வேலைக்குத்தான் காணும். 'வாட்டர் புரூஃப் பெயின்ட் நாலு பக்கமும் அடிச்சிடலாம்' என்றார் என் கணவர். 'சுண்ணாம்புதான் சரி' என்றார் அத்தை. கொத்தனார் இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல், பழைய சிமென்டை ஓரிடத்தில் கொத்திக் காட்டினார். உள்ளே கல் இடுக்கில் இருந்த மண், பிசைந்த மாவு மாதிரி ஈரமாக இருந்தது! "வெளியே போக வழியில்லாத தண்ணி உள்ளேதானம்மா வரும்?" என்றார்.

விஷயம் இதுதான். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல மண் சுவர் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கிறது. வெளிக்காற்று பட்டு அது ஆவியாகப் போய்விட்டால் பாதகமில்லை. பூச்சு அதை அடைத்துவிட்டால், ஈரம் இன்னும் மேலே ஏறி அறைப்பக்கம் திரும்புகிறது.

ஆகவே பூச்சைத் தேர்ந்தெடுக்கும் முன் சுவரைப் பாருங்கள்.

மண், சுண்ணாம்புக் கட்டடம் என்றால் சுண்ணாம்புதான் உகந்தது. நல்ல கருங்கல்லுக்குப் பூச்சே வேண்டாம். இடுக்குகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தால் போதும். செங்கல்லும் சிமென்டுமாகக் கட்டிய வீட்டுக்குச் சிமென்ட் பூச்சும் சிமென்ட் பெயின்டும் ஒத்துவரும். ஆனால் பழைய வெள்ளையின் மேல் சிமென்ட் பெயின்ட் ஒட்டாது. சுரண்டிவிட்டு, சுவரை நனைத்துத்தான் அடிக்க வேண்டும். தார், மண்ணுக்குள் மறையும் சிமென்ட் அஸ்திவாரத்துக்கு. வெளியே தெரியும் இடத்துக்கு அல்ல.

எதைப் பூசினாலும் முதல் வேலை தண்ணீரை விலக்குவது. மேட்டுப் பக்கம் கால்வாய் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்புங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழ வேண்டாம். துவைக்கிற கல்லும் பூச்செடியும் சுவரை ஒட்டி வேண்டவே வேண்டாம்!

நாங்கள் கால்வாய் வெட்டி, சிமென்டைக் கொத்தி எடுத்து, இடுக்கு அடைத்து, சுண்ணாம்பு அடித்தோம். பெயின்டுக்கு வைத்திருந்த காசிலேயே முடிந்தது. அடுத்த ஐப்பசியில் அந்த அறையில் உப்புப் பூக்கவில்லை. பெண்ணுக்கு அவ்வப்போது சளி பிடிக்கிறது. ராத்திரி இரைப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

வெள்ளையடிக்க, 1 கிலோ கல் சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர். ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் வஜ்ரப்பசை சேர்த்து, மெல்லிசாக மூன்று முறை அடியுங்கள். சுண்ணாம்பு தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளைக் கிட்டவே விடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் நிறுத்தாமல் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும்.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். மலையில் இருப்பவர்கள் மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள். அப்போதுதான் சுவர் காய்ந்திருக்கும். சந்தேகமா? உள்சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சுவர்ப் பக்கம் முத்து முத்தாய் நீர் கோத்திருந்தால், பெயின்ட் கடைக்குப் போக இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்!