ஒரு டிக்கை நம்பிக் கோபப்படலாமா?

மாணவர்களே, நண்பனுக்குப் புலனத்தில் செய்தி அனுப்புகிறீர்கள். ஒரே ஒரு சாம்பல் டிக். மறுநாள் காலையிலும் அதே டிக். ‘வேண்டுமென்றே ஒதுக்குகிறான்’ என்று முடிவு கட்டிவிடுவீர்கள், இல்லையா?

நானும் அப்படித்தான் செய்தேன். ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வரும் மூன்றாம் படிவ மாணவன். அவனுடைய அம்மாவின் கைப்பேசிக்குப் பயிற்சி அனுப்பியிருந்தேன். பதிலே இல்லை. வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். “டீச்சர், எங்க வீட்டுல லைன் கிடைக்காது. மேட்டுக்குப் போனாத்தான் வரும்” என்றான். அறிவியல் ஆசிரியைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

முதல் டிக், செய்தி புலனத்தின் சேவையகத்தை அடைந்தது என்று மட்டுமே சொல்கிறது. சேவையகம் என்பது தகவலை வாங்கி உரியவருக்கு அனுப்பும் கணினி. எதிர்முனைக் கைப்பேசிக்கு இணையம் கிடைக்காவிட்டால், செய்தி அங்கேயே 30 நாள்வரை காத்திருக்கும். கைப்பேசியை அடைந்ததும் இரண்டாவது டிக். படித்ததும் நீலம், இது 2014இல் வந்தது. நீல டிக்கை அணைத்தும் வைக்கலாம். ஆகவே இரண்டு சாம்பல் டிக் இருந்தால் படிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது! ‘ஆன்லைன்’ என்பதும் அப்படியே. செயலி திறந்திருக்கிறது, இணையம் இருக்கிறது, அவ்வளவுதான். கைப்பேசி தம்பியின் கையில்கூட இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், 2009இல் ஜான் கோம் இச்செயலியைத் தொடங்கியது செய்தி அனுப்புவதற்கே அல்ல. ‘வேலையில் இருக்கிறேன்’, ‘பேட்டரி தீரப்போகிறது’ என்று பெயருக்குப் பக்கத்தில் நம் நிலையைக் காட்டத்தான். நண்பர்கள் அந்த ஒற்றை வரியிலேயே கேலி பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். செய்தி வசதி பிறகுதான் வந்தது.

சரி, மேட்டில் மட்டும் ஏன் லைன்? கோபுரத்திலிருந்து வரும் வானலைகளைக் குன்று மறைக்கிறது. செம்பனை ஓலைகளில் உள்ள நீரும் அலைகளின் ஆற்றலில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. மீதியில் கொஞ்சம் சிதறுகிறது. மேட்டில் இந்தத் தடைகள் குறைவு.

வீட்டில் இதைச் சோதித்துப் பாருங்கள். அக்காவின் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, வை-ஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கொரு செய்தி அனுப்புங்கள். ஒரே டிக். ஐந்து நிமிடம் கழித்து இணைப்பைத் திரும்பக் கொடுங்கள்; அக்கா கைப்பேசியைத் தொடாமலேயே இரண்டாவது டிக் விழும்.

அந்த மாணவனுக்கு இப்போது பயிற்சியைத் தாளில் அச்சிட்டு வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுகிறேன்.