உரிமைப் பணியும் பழைய காகிதமும்

உரிமைப் பணி என்றவுடன் ஊர்வலமும் மேடை முழக்கமும் நம் நினைவுக்கு வருகின்றன. அப்பணியில் பயிற்சி பெறச் செல்லும் இளைஞருக்கோ, முதலில் கையில் கிடைப்பது பழைய அரசாணைகளின் கட்டு. சலிப்பு உண்டாவது இயல்பே. அக்கட்டினுள் என்ன இருக்கிறது என்பதை, நம் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் பலருடைய முன்னோர் பட்ட பாட்டைக் கொண்டே விளக்கலாம்.

1871-ஆம் ஆண்டில் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்தையும் எட்டியது. ஒரு சாதியாரைக் குற்றப் பரம்பரையினர் என்று அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்புச் சரிதானா என்று எந்த நீதிமன்றமும் வினவ இயலாது. களவு இன்னதென்று அறியாத உழவரும் கைரேகை பதித்தாக வேண்டும்; இரவில் சாவடியிற் சென்று படுக்க வேண்டும்; வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' வேண்டும். ஊரார் இதனை 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். பிரமலைக் கள்ளர் மீது இது பாய்ந்தபோது, உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் காவற்படையின் கையால் 16 பேர் மாண்டனர். மாயக்காள் என்னும் பெண்ணும் அவருள் ஒருவர். இம்மக்களுக்காக வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை, 'ரோசாப்பூத் துரை' என்று அவர்கள் அன்புடன் அழைத்தனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீங்கியது.

சட்டம் போயிற்று; சொல்லைப் பற்றிய வழக்கு மட்டும் நின்றது. சட்டத்தினின்று விடுபட்டோர் 'சீர்மரபுப் பழங்குடியினர்' எனப்பட்டனர். 1979-இல் தமிழக அரசின் ஆணையொன்று 'பழங்குடியினர்' என்பதை 'வகுப்பினர்' என்று மாற்றியது. ஒரு சொல்தானே என்று தோன்றும். தலைமையாசிரியனாக மாற்றுச் சான்றிதழ்களைப் பல்லாண்டுகள் நிரப்பியவன் நான். அப்பகுதியில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பெற்றோர் எத்தனை அலுவலகப் படிகள் ஏறவேண்டும் என்பதை அறிவேன். மத்திய அரசு சீர்மரபுப் பழங்குடியினருக்கெனத் திட்டங்கள் வகுத்தபோது, நம் பிள்ளைகளின் சான்றிதழில் இருந்த சொல் வேறாயிருந்தது. நெடுநாள் கோரிக்கைக்குப் பின் 2019-இல்தான், மாநிலத் தேவைக்கு 'வகுப்பினர்' என்றும், மத்திய அரசின் தேவைக்குப் 'பழங்குடியினர்' என்றும் இருவகைச் சான்றிதழ் வழங்க ஆணை பிறந்தது.

கண்ணீரை மட்டும் எழுதிய மனு, அலுவலர் மேசையில் உறங்கும். எந்த ஆணையால், எந்நாளில், யாருக்கு, என்ன இழப்பு நேர்ந்தது என்று காட்டும் மனுவுக்கு அவர் மறுமொழி எழுதியே தீரவேண்டும். பயிற்சியாளர் கற்கவேண்டுவது இதுவே. அதற்குச் சென்னைக்கோ தில்லிக்கோ போகவேண்டுவதில்லை. அச்சட்டக் காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் பள்ளிகள் தேனி மாவட்டத்திலும் உண்டு. அவற்றின் பழைய சேர்க்கைப் பதிவேட்டை உரிய இசைவு பெற்றுப் புரட்டி, சாதி என்ற பகுதியில் ஆண்டுதோறும் எழுதப்பட்டிருப்பதை வரிசையாகக் குறித்துக்கொண்டு, பின்னர் ஊர் முதியவர் அருகில் அமர்ந்து கேட்கத் தொடங்கலாம்.